பதினேழை முழுங்கிய முதல் திங்கள்

எங்கள் நாட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஊர்தோறும் அபாயச் சங்கு ஊதும். சங்கு வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். சங்கு வேலை செய்கிறது. எங்கள் காதுதான் செய்வதில்லை. பேச்சின் நடுவே ஊதினால், மீதியைக் கொஞ்சம் உரக்கச் சொல்லி முடித்துக்கொள்வோம்.

அதனால்தான் யோசிக்காமல் ஃபென்னாவுக்கு அந்த நாளில், அந்த நேரத்தில் ஸ்கேன் குறித்தேன்.

நான் வுபோ. க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. மூளை ஆய்வுக்கூடத்தில் பகுதிநேர உதவியாள். விபத்துகளில் தப்பிப் பிழைத்தவர்களைப் படுக்கவைத்து, சில ஒலிகளைக் கேட்கச் செய்து, மூளையில் எந்த இடம் விழித்துக்கொள்கிறது என்று படமெடுப்போம். அதற்கும் அவர்களுடைய திடுக்கிடலுக்கும் கெட்ட கனவுக்கும் என்ன தொடர்பு என்பது டாக்டர் அலெட்டாவின் ஆய்வு. காந்த இயந்திரத்துக்குள் போகுமுன் வந்தவர்களின் சட்டைப்பையில் சாவி இருக்கிறதா என்பது என் ஆய்வு.

ஃபென்னாவுக்கு ஐம்பத்துநான்கு வயது. ஆறு வருடத்துக்கு முன் அவர் வேலை பார்த்த உருளைக்கிழங்கு மாவு ஆலை வெடித்தது. பக்கத்தில் நின்ற இருவர் பிழைக்கவில்லை. அன்று ஊதிய சங்கு அவருக்குள் ஓயவே இல்லை. முதல் திங்கள் வந்தால் நிலவறைக்குள் போய்க் காதைப் பொத்திக்கொள்வார். ஒரு வருடமாகச் சிகிச்சை. சங்கொலியின் பதிவைச் சிறிது சிறிதாகக் கூட்டிவைத்துக் கேட்கிறார்.

"அடுத்த மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம்," என்றார், கம்மலைக் கழற்றியபடி. "திங்கக்கிழமை காலைல நகராட்சியில பதிஞ்சா இலவசம். அதுவும் முதல் திங்கள். பன்னெண்டு மணிக்கு கேக்."

"தேதிய மாத்தச் சொல்லலாமே."

"இலவசம்னு சொன்னேனே, தம்பி."

இதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் வாதாடுவதில்லை.

அலெட்டாவிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "படத்தப் பாத்துச் சொல்லுங்க டாக்டர். அன்னிக்கு நான் கேக் பக்கத்துல நிப்பேனா, மேசைக்கு அடியில இருப்பேனா?"

"ஒரு ஆளோட படத்த வெச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா. எண்பது பேரச் சேத்துப் பாத்தாதான் ஏதோ கொஞ்சம் தெரியும்."

"அப்ப மத்த எழுபத்தொம்பது பேரும் கல்யாணத்துக்கு வரட்டும்."

உள்ளே படுத்தார். கையில் ரப்பர் பந்து. அழுத்தினால் எங்கள் அறையில் அலறும்; வெளியே எடுத்துவிடுவோம். இயந்திரம் தட்டியது, அரைத்தது, முதல் படம் முடிந்து ஓய்ந்தது. அந்த அமைதியில், சுவரைத் தாண்டி, சங்கு மெல்ல ஏறியது.

அலெட்டா என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

ஒலிபெருக்கியில் ஃபென்னாவின் குரல் நூலாய் வந்தது. "தம்பி. இது உங்க மெஷினா, ஊர்ச் சங்கா?"

மெஷின் என்று சொல்லியிருக்கலாம். கல்லூரி இதழில் மாதம் நான்கு பக்கம் கதையென்று பொய் எழுதுகிறவனுக்கு இன்னொரு சொல் பாரமில்லை. ஆனால் அவர் கேட்டது அடுத்த மாதத்துக்கான கேள்வி.

"ஊர்ச் சங்குதான். நான்தான் பாக்காம குறிச்சிட்டேன். வெளிய எடுத்துடவா?"

திரையில் நாடித்துடிப்பு நூற்றுமுப்பது. அலெட்டாவின் விரல் படுக்கையை வெளியே இழுக்கும் பொத்தான்மேல் இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம்."

"எண்ணு. வேகமா எண்ணி ஏமாத்தக் கூடாது."

அறுபதிலிருந்து இறங்கினேன். நாற்பதில் அவர் மூச்சு கேட்டது. முப்பதில் என் மூச்சு கேட்டது. பதினாறு என்றபோது பந்து அலறியது. அலெட்டா பொத்தானை அழுத்தப் போனார்.

"இழுக்காதீங்க," என்றது ஒலிபெருக்கி. "பையன் பதினேழ முழுங்கிட்டான். திருப்பிச் சொல்லச் சொல்லுங்க."

சொன்னேன். மூன்று வருவதற்குள் சங்கு ஓய்ந்தது.

வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. கம்மலை மாட்டியபடி ஃபென்னா கேட்டார், "தாக்குப் பிடிச்சு நின்னேனா?"

"படுத்திருந்தீங்க."

"அதுவும் சேத்திதான்."

அலெட்டா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் வேறு சில சொன்னார். சங்கு கலந்த படம் ஆய்வுக்கு உதவாது. நீக்கியதற்கான காரணம் என்ற கட்டத்தில் "வுபோ" என்று எழுதினேன்.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேசினார்கள். ஃபென்னா கேக்கின் முன்னால் கத்தியோடு நின்றார். முகம் வெளுத்திருந்தது. முதல் துண்டு கோணலாகத் தட்டில் விழுந்தது. கூட்டத்தில் கண்ணால் என்னைத் தேடிப் பிடித்தார்.

"எண்ணு தம்பி," என்றபடி அடுத்த துண்டை வெட்டினார். "பதினேழ மறந்துடாத."