கால் கழுவிய தண்ணீர்

"சட்டையப் போடுங்க பாய். கார் நிக்குது" என்றான் சசிதர்.

அவன் கல்யாணம் முடிந்து மூணாம் நாள். கையில் அரக்குச் சிவப்பில் ஒரு ஜோடி கட் ஷூ. இதே கோட்டைமேட்டுச் செருப்புக் கடையில் யூனுஸ் பாய் சாயமேற்றியது. அதைப் போட்டுக்கொண்டுதான் பல்லடம் மண்டபத்தில் காசியாத்திரை போனான். திரும்பி வந்து கழற்றிவிட்டு மணையில் உட்கார, மாமனார் கோவிந்தராஜுலு வெள்ளித் தாம்பாளத்தில் மாப்பிள்ளையின் கால் கழுவினார். தண்ணீர் ரத்தம்போலச் சிவந்து ஓடியது. அபசகுனம் என்று ஒருத்தி வாயைத் திறந்ததுதான், இரண்டு வீட்டிலும் அதே பேச்சு.

இப்போது யூனுஸ் பல்லடம் போய், சொந்தபந்தம் முன்னால், "தப்பு என்னுதுங்க" என்று கைகூப்ப வேண்டுமாம்.

யூனுஸ் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தேவிட்டார். மகள் நிதா குறுக்கே வந்து நின்றாள்.

"சட்டைய வைங்க அத்தா."

"ஒரு வார்த்தைதானே கண்ணு. சொல்லிப்போட்டு வந்தர்றேன்."

"செய்யாத தப்புக்கு எதுக்குச் சொல்லோணும்?"

சசிதர் சிரித்தான். "காலேஜ் படிச்ச புள்ளைங்களா? வாய் நல்லா வருதுங்க."

கோயமுத்தூர்க்காரன் செருப்பால் அடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பான்.

"கெமிஸ்ட்ரிங்க. எங்கூட்டுல மொத டிகிரி. நல்லாக் கேட்டுக்கங்க. பழைய பாலிஷை ஸ்பிரிட்ல தொடைச்சு, ரெண்டு தடவை சாயம் குடுத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, உள்ளயும் வெளியயும் சீலர் பூசோணும். பூசலைன்னா வேர்வைக்கே சாயம் கழண்டுக்கும். உங்க ஷூ உள்ளயும் வெறுந்தோலு. அன்னிக்கு ஒரு ஷூதான் முடிஞ்சுது. சாயந்தரம் வாங்கன்னு கத்துனேன். காரை நோ பார்க்கிங்ல போட்டுட்டு, எங்கையில இருந்து புடுங்கிட்டுப் போனது யாருங்க?"

"கதை வுடாதீங்க. ரெடின்னுதான் குடுத்தீங்க."

"கல்யாண வீடியோ இருக்குமே?"

"ஊரே பாத்துச்சு, நீங்களும் பாருங்க!" போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

வலது காலில் தண்ணீர் விழுந்தது. தாம்பாளம் சிவந்தது. அடுத்து இடது கால். நிதா வீடியோவை நிறுத்தினாள்.

"இடது கால்ல சொட்டுச் செகப்பு இருக்குதுங்களா?"

குதிகால் வெள்ளை வெளேரென்று இருந்தது. நிதா வெள்ளைத் துணியை நனைத்து இடது ஷூவின் உள்ளே அழுத்தித் தேய்த்தாள். துணி அப்படியே இருந்தது. வலது ஷூவில் ஒரே இழுப்பு, துணி சிவந்துபோனது.

"நான் சீலர் பூசுனது இடது ஷூவுக்கு."

சசிதர் தெருவை ஒருதரம் பார்த்துக்கொண்டான். குரல் இறங்கியது.

"தெரியுமுங்க. நான் அவசரப்பட்டேன்னு மாமனார்கிட்டச் சொன்னா எம்மரியாதை என்னாகறது? பாய் சொன்னா ஒண்ணும் ஆகாதுங்க."

யூனுஸ் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தார். அந்தக் கையை உருவி, சட்டையை மறுபடி ஆணியில் மாட்டினார்.

"நான் வரலைங்க" என்றார். "கண்ணு, அந்த வலது ஷூவ வாங்கி வை. அரைகுறை வேலை நம்ம கடையில இருந்து போகக்கூடாது."

நிதா வாங்கி வைத்தாள். "நாளைக்குச் சாயந்தரம் வாங்க."

"இன்னிக்கே பூசிக் குடுத்தீங்கன்னா..."

"நாளைக்குச் சாயந்தரம்."

இடது ஷூவைக் கவரில் போட்டாள். சிவந்த துணியையும் பிழிந்து அதோடு போட்டு அவன் கையில் திணித்தாள்.

"மாமனாருக்கு இந்தத் துணியைக் காட்டுங்க. எப்படிச் சொல்றதுன்னு பல்லடம் போய்ச் சேர்றதுக்குள்ள யோசிச்சுக்கங்க."