உடையப்பனின் வாக்குமூலம்

பானுமதியிடம் வழக்கமாக வருபவை செக் வழக்குகளும், தொழிலாளர் கேம்ப்பில் நடக்கும் அடிதடிகளும், விசா முடிந்தும் தங்கிவிட்டவர்களின் வழக்குகளும்தான். ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் படித்த அரபியை விடாமல் பிடித்துக்கொண்டு, சட்ட மொழிபெயர்ப்பாளர் உரிமம் வாங்கியிருந்தாள். கணவன் வாசுவுக்கு எண்ணெய்க் கிடங்கில் வேலை கிடைத்ததும் இருவரும் புஜைராவுக்கு வந்தார்கள். வந்து ஒன்பது வருடத்தில், கொலை வழக்குக்கு என்று அவளைக் கூப்பிட்டது அந்த ஆகஸ்டில்தான்.

காலை எட்டு மணிக்கு அவள் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனபோது, விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உடையப்பன் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் ஒரு போலீஸ்காரன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காகிதத்தில் இருந்த பெயரை வாசித்ததும் அவர் தலை நிமிர்ந்தது.

"தமிழா மேடம்?"

"ஆமாங்க. ஆனா வெளிய கேஸ் பத்திப் பேசக்கூடாது. உள்ள கேக்குறப்ப சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். ஆனால் இருபது நாளாகத் தமிழ் பேச ஆளில்லாமல் இருந்தவர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பேச ஆரம்பித்துவிட்டார். பானுமதியும் நிறுத்தச் சொல்லவில்லை.

சிவகங்கைப் பக்கத்து ஆள். மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் பதினோரு வருடமாகத் தனியாக இருந்தார். பேரீச்ச மரங்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், முப்பது ஆடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாளியான அர்பாப் வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். மே மாதம் ஒருநாள் காலையில் பிக்கப்பில் மூன்று பேர் வந்து, ஆட்டுக்கயிற்றால் அவர் கையைக் கட்டித் தீவனக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டு, தண்ணீர் மோட்டாரையும் செம்புக் கம்பிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம் தீவன லாரிக்காரன் வந்து திறக்கும்வரை, அந்தத் தகரக் கொட்டகைக்குள் தண்ணீரில்லாமல் கிடந்தார். கயிறு அறுத்த தடம் இரண்டு மணிக்கட்டிலும் இன்னும் கறுப்பாக இருந்தது. கைவிலங்கு சரியாக அந்தத் தடத்தின் மேல் உட்கார்ந்திருப்பதை பானுமதி பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் அர்பாப் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். எவனாவது வந்தால் சுடு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். இப்போது, அலமாரியில் பூட்டி வைத்திருந்ததை இவன் உடைத்து எடுத்துவிட்டான் என்று போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"அன்னிக்கு மத்தியானம் ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன், ரூம் பூட்டு ஒடஞ்சு கெடக்கு. துப்பாக்கி தோள்லதான் இருந்துச்சு. மே மாசத்துக்குப் பெறகு அது இல்லாம நான் வெளிக்குக்கூடப் போறதில்ல. கதவத் தள்ளுனா உள்ள ஒருத்தன். கையில கம்பி. என்னையப் பாத்ததும் ஓங்கிட்டான்."

"அப்பதான் சுட்டீங்களா?"

"இல்ல மேடம். அப்பச் சுட்டிருந்தா தேவலையே. ஈரக்குலை நடுங்கிப் போச்சு, வெரலே மடங்கல. அவன் துப்பாக்கியப் பாத்துட்டு கம்பியக் கீழ போட்டான். கலாஸ் பாய், கலாஸ், போதும் விட்டுருங்கிற மாதிரி சொன்னான். சொல்லிக்கிட்டே பின்னாடி கதவுப் பக்கம் திரும்புனான். ஓடப் போறான்னு தெரிஞ்ச ஒடனே எனக்கு அந்தக் கொட்டாயில கெடந்ததெல்லாம் ஒண்ணாச் சேந்து வந்துச்சு. கட்டிப் போட்டுட்டுப் போனாய்ங்கள்ல, அப்புடியே இவனும் போறானேன்னு வந்துச்சு. அமுக்கிட்டேன்."

"அந்த மூணு பேர்ல ஒருத்தனா அவன்?"

"இல்ல" என்றார் உடையப்பன். "கிட்டப் போயி மொகத்தப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுச்சு. யாரோ எவனோ. அவன் பையில என் போன் சார்ஜரும் நாலு குப்பூஸ் ரொட்டியும் இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவர் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி வருவதற்கு முன்பே அவன் போய்விட்டான்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் இளைஞர், நிதானமாகப் பேசுபவர். பெயர், ஊர், வேலை எல்லாம் கேட்டு முடித்தார். இறந்தவன் பெயர் ராம்பிரவேஷ், பீகாரைச் சேர்ந்தவன், கட்டுமானக் கம்பெனியை விட்டு ஓடிப்போய் நாலு மாதம் ஆனவன் என்று கோப்பைப் பார்த்துச் சொன்னார். பிறகு மருத்துவ அறிக்கையைப் புரட்டினார். குண்டுகள் வலது விலாவிலும் தோளிலும் பட்டிருந்தன. ஆள் பாதி திரும்பிய நிலையில் இருந்திருக்கிறான்.

"கம்பியோடு நின்றான் என்கிறாய். பிறகு என்ன நடந்தது?"

பானுமதி தமிழில் கேட்டாள். அறைக்குள் வந்ததும் உடையப்பனின் பேச்சு சுருங்கிப் போயிருந்தது.

"அவன் திரும்புனான். நான் சுட்டுட்டேன்."

வழக்கறிஞரும் தட்டச்சு செய்பவரும் அவளைப் பார்த்தார்கள். திரும்பினான் என்றால் எந்தப் பக்கம்? தமிழில் அது இரண்டு பக்கமும் போகும். அரபியில் அவள் ஒரு பக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது வருடத்தில் ஒரு வார்த்தையைக்கூட அவள் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. மேசை மேல் கிடந்த அந்த மணிக்கட்டுகளைப் பார்த்தாள்.

"என் பக்கம் திரும்பினான், நான் சுட்டுவிட்டேன் என்கிறார்" என்றாள் அரபியில்.

தட்டச்சு ஓசை எழுந்தது. வழக்கறிஞர் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார்.

"லா" என்று அரபியிலேயே மறுத்தார் உடையப்பன்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பதினோரு வருடம் ஒரே அர்பாபிடம் இருந்தவருக்கு இவ்வளவு அரபி தெரியும் என்பதை பானுமதி யோசித்திருக்கவில்லை.

"லா, லா. மாஃபி என் பக்கம்." சொல் கிடைக்காமல் தடுமாறினார். கட்டிய கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகைத் தொட முயன்றார். எட்டவில்லை. உடம்பையே நாற்காலியில் திருப்பி, முதுகை வழக்கறிஞருக்குக் காட்டினார். "தஹர். அவன் தஹர். ரோஹ், ரோஹ்."

முதுகு. போய்க்கொண்டிருந்தான்.

வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். பானுமதி பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் வெளியே போகலாம், சகோதரி. வேறு ஆளைக் கூப்பிடுகிறோம்" என்றார்.

வேறு ஆள் வர மதியமாகும் என்று உடையப்பனையும் வெளியே கொண்டுவந்து அதே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பானுமதி அவர் பக்கம் குனிந்தாள்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க? அப்படியே விட்டிருந்தா தற்காப்புன்னு போயிருக்கும். உங்களுக்காகத்தானே சொன்னேன்?"

"தெரியுது ஆத்தா. கோவிச்சுக்காதீங்க." அவர் குரல் இறங்கியிருந்தது. "பயந்து சுட்டேன்னு எழுதுனா, அவன் என்னையக் கொல்ல வந்தான்னு ஆயிரும். அதத்தானே அவன் வீட்டுக்கும் சொல்லுவாய்ங்க? அவன் வரல, ஓடத்தான் பாத்தான். அதப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். நானும் மாத்திச் சொன்னா எப்புடி?"

போலீஸ்காரன் எழுந்து, பேசாதே என்று சைகை காட்டினான். பானுமதி தன் விசிட்டிங் கார்டை எடுத்து உடையப்பனின் சட்டைப் பையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வெயிலில் காரைத் திறந்து உட்கார்ந்தவள் வெகுநேரம் ஏசியைக்கூடப் போடவில்லை.

உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். "அந்த ஆளே உள்ளதைச் சொல்றப்ப நீ எதுக்கு நடுவுல போனே?" என்று வாசு கேட்டான்.

டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பன்னிரண்டு வருடம் சிறை, பிறகு நாடு கடத்தல். துப்பாக்கி அவர் கைக்கு எப்படி வந்தது என்பதை யாரும் கிளறவில்லை. தோட்டத்துக்கு அர்பாப் வேறு ஆளைக் கொண்டுவந்துவிட்டார் என்று கேள்வி.

தீர்ப்பு வந்த வாரத்தில் ஊரிலிருந்து உடையப்பனின் மனைவி நாகவள்ளி கூப்பிட்டாள். கார்டில் இருந்த நம்பரை அவர்தான் ஜெயிலிலிருந்து சொல்லியிருந்தார்.

"பயந்து சுட்டாகன்னு நீங்க சொன்னீகளாம். அவுக இல்லைன்னு சொல்லிட்டாகளாம். நெசமா?"

"நெசந்தாங்க."

நாகவள்ளி அழாமல், சண்டைக்கு நிற்பவள் போலக் கேட்டாள். "ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு நான் இங்க கெடக்கேனே. செத்தவன் குடும்பம் நெனப்புக்கு வந்துச்சு, எங்க நெனப்பு வரலையா அவுகளுக்கு?"

பானுமதி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போன் வைக்கப்பட்டது.

ஒரு மாதம் கழித்து அவளே மறுபடியும் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"அன்னிக்கு ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீக. ஒண்ணு கேக்கணும். அவுக சொன்னது அந்தச் செத்தவன் வீட்டுக்குப் போய்ச் சேந்துச்சா? இம்புட்டும் அதுக்குத்தானே?"

பானுமதிக்குத் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தாள். உடல்களை ஊருக்கு அனுப்ப உதவும் சதக்கத்துல்லா என்ற சமூக சேவகரிடம் ராம்பிரவேஷின் அண்ணன் நம்பர் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டு, தான் யார் என்று இந்தியில் சொல்லி, உடையப்பன் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

அண்ணன் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு பேசினார். கத்தியோடு கொள்ளையடிக்கப் போய்ச் செத்தான் என்று கம்பெனி ஆள் அப்போதே சொல்லிவிட்டான். உடல் வந்த அன்று தூக்க நாலு பேர் வரவில்லை. அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், நம்பர் தெரியாது. "இப்போது இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது, பெஹன்ஜி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சாயங்காலம் பானுமதி நாகவள்ளியைக் கூப்பிட்டாள்.

"அவங்க அண்ணன்கிட்டச் சொல்லிட்டேங்க."

"என்ன சொன்னாரு?"

"கேட்டுக்கிட்டாருங்க."

"அப்பச் சரி" என்றாள் நாகவள்ளி. "வியாழக்கெழம ஜெயில்லருந்து அவுக பேசுவாக. சொல்லிர்றேன்."