பஞ்சராகாத பஸ்

புனிதாவுக்கு இருபத்து மூன்று வயது, எனக்கு முப்பது. அவள்தான் எனக்குச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்தாள். கேட்கவே எரிச்சலாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய பயிற்சி மையம். பத்தாவது தாண்டாதவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒரு மாத சாஃப்ட் ஸ்கில் வகுப்பு, இலவசம். நான் இரண்டு வகையிலும் சேர்த்தி. பத்தாவதில் கணக்கைக் கோட்டை விட்டவள். இடது கால் பிறவியிலேயே சூம்பிப் போனது, அக்குளில் கட்டை வைத்துத்தான் நடப்பேன். இப்படிப்பட்டவர்களுக்கான வகுப்பை மாடியில் கொண்டுபோய் வைத்த புண்ணியவான் யாரென்று முதல் நாளே கேட்டேன்.

"ரோஜாக்கா, கோவத்தைக் கொறைக்கறதும் சிலபஸ்ல இருக்குது" என்றாள் புனிதா.

கண்ணைப் பார்த்துப் பேசுவது முதல் பாடம். காணையிலிருந்து வரும் அஞ்சம்மாள் அக்கா இத்தனை நாளும் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர். முதலாளி என்று யார் எதிரே வந்தாலும் தலை தானாகக் குனிந்துவிடும். அவரை நிமிர்த்துவதற்குள் புனிதாவுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. திருமுருகனுக்கு அந்தப் பாடமே தேவைப்படவில்லை. அவனுக்குக் காது கேட்காது. வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வான், பதிலைப் போனில் தட்டிக் காட்டுவான். முகத்தை அப்படி உற்றுப் பார்ப்பவனிடம் பொய் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும்.

"என்ன கேட்டாலும் திருதிருன்னு முழிக்காதீங்க. டக்குனு, தெளிவா, ஒரு பதில் சொல்லுங்க" என்பது கடைசிப் பாடம். அதை மட்டும் எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

திண்டிவனத்தில் ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடைக்கு மூன்று பேர் வேண்டுமாம். எங்கள் மூன்று பேரையும் அனுப்பினாள். இதற்கு முன் நான் போன இடங்களிலெல்லாம் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. நான் இருப்பது அண்ணன் வீட்டில். அவனும் முடிவாகச் சொல்லிவிட்டான்: "இதான் கடைசி. கெடைக்கலன்னா பேசாம வூட்லயே இரு." பேசாமல் இருப்பதும் வீட்டிலேயே இருப்பதும் என்னால் ஆகிற காரியமா? எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவுதான்.

பத்தரைக்கு நேர்காணல். விழுப்புரத்தில் ஜல்தியாகவே பஸ் ஏறிவிட்டோம். உட்கார இடமும் கிடைத்தது. நான் கட்டையோடு ஏறியதால் என் சர்டிபிகேட் பையை அஞ்சம்மாள் அக்கா மடியில் வைத்துக்கொண்டார். முண்டியம்பாக்கம் தாண்டும்போது அவர் போன் அடித்தது. புனிதா. ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, எங்க போய்க்கினு இருக்கீங்க?"

அஞ்சம்மாள் அக்காவின் முகம் செத்துவிட்டது. நல்ல காரியத்துக்குக் கிளம்பினவர்களைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கேட்டுவிட்டால், உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாகக் கிளம்ப வேண்டும். புனிதாவுக்கும் தெரியும்தான். பதற்றத்தில் வாய் தவறிவிட்டது.

"எறங்குங்க" என்றார் அக்கா.

"இன்னாக்கா வெளையாடறியா? உக்காந்துகினுதான இருக்கோம், இங்கயே தண்ணி குடி!"

"ஓடற வண்டில உக்காந்தா கணக்குல சேராது."

விக்கிரவாண்டியில் பஸ் நின்றதும் விறுவிறுவென்று இறங்கிவிட்டார், என் பையோடு. திருமுருகனுக்கு எதுவும் காதில் விழவில்லை அல்லவா, திண்டிவனம் வந்துவிட்டது என்று நினைத்து அவனும் பின்னாலேயே குதித்தான். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே கட்டையை ஊன்றி இறங்கினேன். எங்கள் பஸ் டோல்கேட் பக்கமாகப் போய் மறைந்தது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று பேரும் சாஸ்திரத்துக்குத் தண்ணீர் குடித்தோம். விஷயம் புரிந்ததும் திருமுருகன் போனில், "எங்கம்மாவும் இப்படித்தான்" என்று தட்டிக் காட்டினான். எனக்கு அவனையும் சேர்த்து அறையலாம் போலிருந்தது. அடுத்து வந்த பஸ் நிற்கவில்லை. அதற்கடுத்ததில் படியில்கூட இடமில்லை. கடையில் போய் நிற்கும்போது மணி பதினொன்றரை.

ஆபீஸ் அங்கேயும் மாடிதான். மேனேஜர் சீனுவாசன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பேசி முடித்தவர்களைப் பின்பக்கப் படி வழியாகக் கீழே அனுப்பிவிட்டார். கடைசியாக நான்.

"ஏன் லேட்டுன்னு கேட்டா, அந்தம்மா பஸ் பஞ்சருன்னு சொன்னாங்க. அந்தப் பையன் டோல்கேட்டுல டிராபிக்னு எழுதிக் காட்டினான். ரெண்டு பேரும் முழிக்கவே இல்ல, டக்குனு சொன்னாங்க. மூணு பேரும் ஒரே பஸ்ஸுன்னும் சொல்றாங்க. நீ இன்னாம்மா சொல்லப் போற?"

புனிதா, உன் பாடத்தில் இடி விழ! எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எதைச் சொன்னாலும் போச்சு. போகிறதுதான் போகிறது, உள்ளதைச் சொல்லிவிட்டே போகட்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். தண்ணீர் குடித்த இடம் வந்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உனக்கு அதுல நம்பிக்கை உண்டா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் எறங்கின?"

"என் பை அவங்ககிட்ட இருந்திச்சு."

"பையைக் குடுன்னு வாங்கிக்கினு நீ வந்திருக்கலாமே?"

டக்கென்று பதில் சொல்ல வேண்டும். வரவில்லை. வாங்கியிருக்கலாம்தான். எனக்கு அது தோன்றவே இல்லையே! தனியாக எத்தனை மாடி ஏறி இறங்கியிருப்பேன், ஒவ்வொரு இடத்திலும் என் கட்டையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பியிருப்பார்கள்.

"தனியா வர பயமா இருந்திச்சு சார்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. அவமானமாக இருந்தது.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "போன் எடுக்கற வேலை. கட்டில் வரல, பீரோ வரலன்னு தெனமும் கத்துவாங்க. ஏன் வரலன்னு உள்ளதைச் சொல்ற ஆளு எனக்கு வேணும். ஆனா படி ஏறணுமேம்மா?"

"இப்ப ஏறித்தான சார் வந்திருக்கேன்!"

கோபத்தைக் குறைக்கிற பாடத்தில் நான் பாஸாகவில்லை. அவர் சிரித்துவிட்டார். "திங்கக்கெழம வா. அந்தப் பையனை குடோனுக்கு எடுத்துக்கறேன்."

"அஞ்சம்மா அக்கா?"

"பஞ்சராகாத பஸ்ஸையே பஞ்சராக்கினவங்க, சேல்ஸ்ல நல்லாவே வருவாங்க."

கீழே வந்து சொன்னதும் அக்கா நடுரோடு என்றும் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டார். திருமுருகன் என் கையைப் பிடித்து விடாமல் குலுக்கினான். நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"வேல கெடச்சிடுச்சுணா. திங்கக்கெழமலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க."

சந்தோஷத்தில் குதிப்பான் என்று நினைத்தேன்.

"அப்ப பசங்கள யாரு பாத்துக்கறது?" என்றான். குரல் நிஜமாகவே பயந்து போயிருந்தது. "காலைல கெளப்பி வுடணும், சோறாக்கணும், சாயந்திரம் படிக்க வெக்கணும். ஒங்கண்ணியும் வேலைக்குப் போவுது. எப்படி ரோஜா?"

வீட்டுக்கு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் "இவ வூட்ல சும்மாதான் இருக்கா" என்று சொன்ன அதே அண்ணன். நான் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது. எனக்கும்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீயே பாத்துக்கணா, நீதான அப்பன்" என்றேன்.