கழற்றி மாட்டுகிறவர்கள்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் வெட்கப்படத்தக்கது ஒன்றே ஒன்றுதான்: வேலை செய்யாத பொருளைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்க்கும் பழக்கம். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் அது உருளாதபோது ஏன் உருளவில்லை என்று உட்கார்ந்து யோசித்தான். கழற்றி மாட்டிப் பார்த்திருந்தால் நாம் இன்னும் நடந்துகொண்டிருப்போம். காரணம் தெரியாமல் சரியாகிவிட்ட ஒரு பொருள், சரியாகாத பொருளைவிட ஆபத்தானது.

இதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அக்கா வீட்டின் முன்னறையில், கையில் ஸ்க்ரூடிரைவரோடு அறிவித்தேன். கேட்டவர்கள் மூன்று பேர். அக்கா, அவள் கணவரான மாமா, ஏழு மாதப் பாப்பா. கடைசிவரை கண்கொட்டாமல் கேட்டது பாப்பா மட்டும்தான்.

விஷயம் ஒரு பெடலில் தொடங்கியது. அக்காவின் வேலை டாக்டர்களின் குரலை எழுத்தாக்குவது. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்து முடித்ததும் டாக்டர்கள் தாங்கள் கண்டதைப் பேசிப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவு அக்காவின் கணினிக்கு வரும். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை அறிக்கையாகத் தட்டச்சு செய்து அனுப்புவாள். மேசைக்கு அடியில் மூன்று பட்டைகள் வைத்த ஒரு பெடல் கிடக்கும். நடுப்பட்டையை மிதித்தால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். இடப்பட்டையை மிதித்தால் நாலு நொடி பின்னால் போகும். கை கீபோர்டை விட்டு நகரவே வேண்டியதில்லை. வாயைத் திறந்து பேசுவது உடல்நலத்துக்குக் கேடு என்று டாக்டர்களில் பலர் நம்புவதால், இடப்பட்டை மட்டும் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. அக்கா அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்பும் கனைப்பவர் 'தொண்டை'. மூச்சு விடாமல் பேசுபவர் 'எக்ஸ்பிரஸ்'. தட்டச்சு செய்பவளுக்கு எதுவும் தெரியாது என்ற அக்கறையில் நிறுத்தக்குறிகளையும் உரக்கச் சொல்லும் ஒருவர் 'முற்றுப்புள்ளி'. அக்காவுக்கு அவரைத்தான் பிடிக்கும்.

பாப்பா பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய அவளுக்கு அனுமதி கிடைத்திருந்தது. நிபந்தனை, நாளொன்றுக்கு இருபத்தைந்து அறிக்கை. குறைந்தால் அலுவலகத்து நாற்காலிக்குத் திரும்ப வேண்டும். அலுவலகம் இரண்டு பஸ் தூரத்தில் இருந்தது. அங்கே பாப்பாவுக்கு நாற்காலி கிடையாது.

அவளுடைய கணினியோ, ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் ரகம். பார்க்கப் பொறுக்காமல் நான்தான் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தருகிறேன் என்றேன். எங்கள் கல்லூரி லினக்ஸ் மன்றத்தின் செயலாளர் நான். துணைச் செயலாளரும் உறுப்பினர்களும் நான்தான். இருந்த இன்னொருவன் காதலில் விழுந்து விலகிவிட்டான். பழையதை முழுக்க அழித்து, நாற்பது நிமிடத்தில் புதியதை ஏற்றினேன். இருபது நொடியில் கணினி எழுந்து நின்றது. பிரிண்டர், ஹெட்போன், வைஃபை எல்லாம் யாரும் கூப்பிடாமலே வந்து வேலைக்குச் சேர்ந்தன. பின்பக்கத்துக் கேபிள்களை அடுக்கிப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டி, "இங்க மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது" என்றேன். இனி இதை அணைக்கவே தேவையில்லை என்பதால், பவர் பட்டன்மேல் 'அணைக்காதே' என்று எழுதி ஒட்டினேன்.

அப்புறம் அக்கா உட்கார்ந்து பெடலை மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"பெடல் ஓடலடா."

"ஓடும்."

"எப்போ?"

"பழகணும்க்கா. புது எடம்ல."

"மாப்பிள்ளையா அது, பழகறதுக்கு? கழட்டி மாட்டிப் பாரேன்."

அப்போதுதான் நான் மேற்கண்ட அறிவிப்பை வெளியிட்டேன். மாமா லிஃப்ட் மெக்கானிக். பாப்பாவைத் தோளுக்கு மாற்றியபடியே அவர் சொன்னார்: "எங்க வேலையில முதல்ல அதைத்தான்டா பண்ணுவோம். லிஃப்ட் நின்னுடுச்சா, மெயினை ஆஃப் பண்ணு, ஆன் பண்ணு. பாதி லிஃப்ட் அதுலயே கிளம்பிடும். மீதி பாதிக்குத்தான் சம்பளம்."

"அதனாலதான் மாமா நான் எங்க போனாலும் படியில ஏறுறேன்."

"நல்லா ஏறு. உடம்புக்கு நல்லது."

நான் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து வேலையில் இறங்கினேன். பெடல் கணினியின் கண்ணில் பட்டிருந்தது. பட்டியலில் அதன் பெயர் இருந்தது. எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகி கணக்கில் நுழைந்து பார்த்தால் மிதிக்க மிதிக்க எண்கள் வந்து விழுந்தன. அக்காவின் கணக்கில் மட்டும் மௌனம். ஆக, பெடலைத் தொட அக்காவுக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான். "அப்போ அந்த நிர்வாகி கணக்குலயே நான் வேலை பார்த்துட்டுப் போறேனே" என்றாள். சாவி சிக்கவில்லை என்று கதவையே பெயர்த்துப் போடுவதற்குச் சமம் அது என்று விளக்கினேன். முறையான வழி, அனுமதி விதி எழுதுவது. ஒரே ஒரு வரி. எழுதினேன். விதிகளை மறுபடி படிக்கச் சொல்லிக் கணினிக்கு உத்தரவிட்டேன். பதினொன்று இருபது.

"மிதி."

மிதித்தாள். 'தொண்டை' கனைக்கவில்லை.

"ஒருக்கா கழட்டி…"

"அக்கா."

"சரி சரி. விஞ்ஞானி கோவிச்சுக்காதீங்க."

திங்கட்கிழமை அக்கா பெடல் இல்லாமலே உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் கையை எடுத்து, மேல்வரிசை பொத்தானை அமுக்கிக் குரலை நிறுத்தி, பழைய இடத்துக்குக் கையைக் கொண்டுவந்து, நான்கு சொல் அடித்து, மறுபடி கையை எடுத்தாள். பதினான்கு அறிக்கை. நான் கல்லூரியிலிருந்து நேரே அங்கே போனேன். விதி சரியாக இருக்கிறது, ஆகவே பிழை அதற்கும் ஆழத்தில் என்று முடிவு செய்தேன். ஆழத்தில் தேடுவதில் ஒரு சௌகரியம், அங்கே எப்போதும் ஏதாவது கிடைக்கும். பெடல் அனுப்பும் எண்களை ஒரு நோட்டில் எழுதிப் பதினொரு பக்கம் நிரப்பினேன். செவ்வாய்க்கிழமை அதைக் கணினிக்குப் புரியவைக்கும் டிரைவர் என்ற நிரலைச் சொந்தமாக எழுதத் தொடங்கினேன். அன்று பதினைந்து. புதன்கிழமை பெடலையே அடிப்பக்கம் திறந்து பார்த்தேன், கொள்கை காரணமாகக் கேபிளைக் கழற்றாமலே. உள்ளே பிஸ்கட் தூளும் மாமாவின் சட்டைப் பொத்தான் ஒன்றும் இருந்தன. பாப்பாவுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல் வேறு. அன்று பதின்மூன்று.

மாமா வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்னடா, லிஃப்ட் எந்த மாடியில நிக்குது?"

"கீழதான் மாமா."

"ஆள் உள்ள இருக்காங்களா?"

நான் நோட்டைப் புரட்டினேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு அவ ஆபீஸ் மேடம் போன் பண்ணுவாங்க. இவ ராத்திரி சாப்பிடவே இல்ல நேத்து" என்றார்.

வியாழக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. பிற்பகலில் அக்கா தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நான் தரையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து டிரைவரின் நானூறாவது வரியில் இருந்தேன். தற்செயலாகத் தலையைத் திருப்பியபோது மேசைக்கு அடியில் அவள் கால் தெரிந்தது. செருப்பில்லாத வலது கால். பெடலின்மேல் இருந்தது. மிதித்துக்கொண்டிருந்தது. கை மேலே பொத்தானைத் தேடிப் போகும். அதற்குள் கால் கீழே மிதித்திருக்கும். இடது, நடு, இடது, இடது, நடு. நாலு நாளாக அது அப்படித்தான் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறது. பெடல் ஓடவில்லை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நானூற்று ஒன்றாவது வரிக்குத் திரும்பினேன். அங்கேயும் எழுத ஒன்றும் இல்லை.

போன் அடித்தது. அக்கா எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். போகும்போது பாப்பாவைத் தூக்கி என் பக்கத்துப் பாயில் விட்டுவிட்டு உள்ளறைக்குப் போனாள். கதவை முழுக்கச் சாத்தவில்லை.

"சொல்லுங்க மேடம்… ஆமா மேடம். மூணு நாளா… இல்ல மேடம், குழந்தையால இல்ல. மெஷின்ல சின்னப் பிரச்சினை… என் தம்பிதான் பார்த்துட்டிருக்கான். அவன் இதுல பெரிய ஆள் மேடம்."

பெரிய ஆள் பாயில் கிடந்த பிளாஸ்டிக் வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் கல்லூரிக் கணினிக் கூடத்தின் சுவரில் 'முதலில் கையேட்டைப் படி' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான். யார் எந்தச் சந்தேகத்தோடு வந்தாலும் விரலால் அந்தத் தாளைக் காட்டுவேன். பதில் தெரியாத சமயங்களில் இன்னும் உறுதியாகக் காட்டுவேன். அனுமதி விதிகள் பற்றிய கையேட்டை நானும் படித்திருக்கிறேன், மூன்றாவது பத்திவரை. மீதி எனக்குத் தேவைப்படாது என்று தோன்றியது. இப்போது வேறு எதுவும் செய்யத் தோன்றாததால் அதைத் திறந்து, முதல் முறையாகக் கடைசிவரை இறங்கினேன். அடியில் ஒரே ஒரு வரி, யாரோ போகிற போக்கில் சொன்னதுபோல இருந்தது. கருவி ஏற்கெனவே இணைப்பில் இருந்தால், கழற்றி மீண்டும் இணைக்கவும்.

விதி என்பது வாசலில் நிற்கும் காவலாளி. உள்ளே நுழைகிறவர்களிடம் மட்டும்தான் சீட்டைக் கேட்பார். உள்ளே போய் உட்கார்ந்திருப்பவர்களைத் தேடிப் போய் விசாரிக்க மாட்டார். நான் விதி எழுதியபோது பெடல் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தது. என் விதியில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொன்று இருபதிலிருந்து அது சரியாகவே இருந்தது. பெடல் ஒரு தடவை வெளியே போய் உள்ளே வந்திருந்தால் போதும். அல்லது யாராவது கணினியை அணைத்துப் போட்டிருந்தால் போதும். இரண்டையும் செய்யக் கூடாது என்று ஒருத்தன் கட்டியும் ஒட்டியும் வைத்திருந்தான்.

"திங்கக்கிழமையிலேருந்தா மேடம்?" அக்காவின் குரல் தாழ்ந்தது. "காலையில எத்தனை மணிக்கு இருக்கணும்… எட்டரை… ம்."

மேசைக்கு அடியில் நுழைந்தேன். என் பிளாஸ்டிக் பட்டை, நான் கட்டியதுதானே, நகத்துக்கு அசையவில்லை. கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று அக்காவைக் கேட்க முடியாது. பாயோரத்தில் பாப்பாவின் நகம் வெட்டும் குட்டிக் கத்தரி கிடந்தது. அதன் முனை கூட மொண்ணை, குழந்தைக்குக் குத்தாமலிருக்க. அதைக் கொண்டு பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன். தூசியில் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அடக்கினேன். 'டக்' என்று பட்டை விட்டபோது திரும்பிப் பார்த்தேன். பாப்பா குப்புற விழுந்து, தலையை நிமிர்த்தி, ஞாயிற்றுக்கிழமை கேட்ட அதே கவனத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் உதட்டில் விரலை வைத்தேன். பிறகு பெடலின் கேபிளைப் பிடித்து இழுத்தேன். வெளியே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். எண்ண வேண்டும் என்று எந்தக் கையேடும் சொல்லவில்லை, லிஃப்ட் மெயினை ஆஃப் செய்துவிட்டு மாமா எண்ணுவார். மறுபடி சொருகினேன்.

ஊர்ந்து முன்பக்கம் வந்து, உள்ளங்கையால் நடுப்பட்டையை அழுத்தினேன்.

மேலே மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள்ளிருந்து, டப்பாவுக்குள் அடைத்த குரல்போல யாரோ பேசினார்கள். "…இரவு நன்றாக உறங்கினார் முற்றுப்புள்ளி வலி குறைந்திருக்கிறது முற்றுப்புள்ளி…"

உள்ளறையில் பேச்சு நின்றது.

"மேடம், ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் மேடம்."

அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு நான் மேசைக்கு அடியிலேயே இருந்தேன். கதவு திறந்தது; இரண்டு பாதங்கள் வந்தன. பாப்பாவைத் தாண்டி, வாத்தைத் தாண்டி, நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றன. அறுந்து கிடந்த பட்டையை மற்றக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"என்னடா பண்ணின?"

"விதி சரியாத்தான்க்கா இருந்துச்சு."

நாற்காலி கிரீச்சிட்டது. வலது கால் மட்டும் மெல்ல முன்னால் வந்து, கட்டைவிரலால் என் கையைப் பெடலிலிருந்து ஓரமாகத் தள்ளியது. இடப்பட்டையை ஒரு தடவை மிதித்தது. நாலு நொடி பின்னால் போய், நடுவுக்கு வந்தது. மேலே விரல்கள் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தன. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்த போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, டாக்டர் நிதானமாகச் சொன்னார்:

"…வலி குறைந்திருக்கிறது முற்றுப்புள்ளி. அடுத்த பத்தி."