ஆலை வீட்டு அமாவாசைச் சோறு

ஆடி அமாவாசையன்று மத்தியானம், இறந்த அப்பாவுக்காக விரதம் இருந்த சிவனேஸ்வரி சன்னல் விளிம்பில் வாழையிலைத் துண்டை விரித்துச் சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும் வைத்தாள். "கா... கா..." என்று கூப்பிட்டாள். காகம் தொடும்வரை வீட்டில் யாரும் வாய்வைக்கக் கூடாது.

ஒரு மணியானது. இரண்டும் ஆனது.

"இஞ்சத்தைக் காகம் சோறு தின்னாதப்பா. அதுக்குச் சிப்ஸ் வைக்கவேணும்," என்றான் கணவன் குகநாதன். "நாலு மணிக்கு எனக்கு ஷிப்ட். பசியிலை நான்தான் செத்துப்போவன்."

"விசர்க் கதை கதையாதேங்கோ." அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். கீழே, அவர்கள் குடியேறிய வெள்ளைக்காரர் ஊரின் வாண்டில் ஆறு சத்தமில்லாமல் ஓடியது. அதன் கரையில் இருந்த பழைய துணி ஆலையைத்தான் வீடுகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். "காகம் வராட்டில் போகட்டும். பசிச்சவை ஆரெண்டாலும் வந்து சாப்பிடுங்கோ!"

தண்ணீர்ச் செம்போடு திரும்பியபோது இலை வழித்தெடுத்தாற்போல் கிடந்தது. விளிம்பெங்கும் சின்னச் சின்ன விரல் அடையாளங்கள், நீல நிறத்தில்.

மறுநாளிலிருந்து ஆறு வயது மகள் கம்சிகா பகலெல்லாம் தூங்கி வழிந்தாள். விரல் நுனிகள் நீலம். எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. தலைமுடியில் பஞ்சுத் துகள். டொக்டர் பேனை மை என்றார். நான்காம் நாள் பிள்ளை சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டது.

"வேலை முடியேல்லை அம்மா. முடிச்சால்தான் சாப்பாடு."

"என்ன வேலை, குஞ்சு?"

"துணிக்கு நீலம் போடுறது. அந்தப் பிள்ளையள் சொல்லித் தந்தவை. இஞ்ச சாப்பிட்டால் வேலை செய்யவேணுமாம். நீங்கள் சோறு குடுத்தபடியால் அவை திரும்ப வேலைக்கு வந்திட்டினம். நானும் இஞ்சதானே சாப்பிடுறன்?"

கீழே நடையில் தொங்கிய, ஆலையின் வரலாறு எழுதிய பலகையை அன்றைக்குத்தான் சிவனேஸ்வரி நின்று வாசித்தாள். இருநூறு வருடங்களுக்கு முன் ஊர்ப் பொதுநிலங்களை வேலியடைத்துப் பெரும் பண்ணைகளாக்கினார்கள். கதிரடிக்க இயந்திரமும் வந்தது. பிழைப்பிழந்த குடும்பங்கள் இந்த ஆலையைத் தேடி வந்தன. வேலை செய்த பிள்ளைகளுக்குக் கூலி சாப்பாடு மட்டும்தான்.

"அவையை வீட்டை போகச் சொல்லு," என்றாள் மகளிடம்.

"வீடில்லையாம் அம்மா. காணியைச் சுத்தி வேலி போட்டிட்டினமாம்."

ஊரில், மயிலிட்டியில், அப்பாவின் காணியைச் சுற்றி ராணுவம் போட்ட முட்கம்பிக்கு வெளியே நின்று அழுதவள் சிவனேஸ்வரி.

"சாமானைக் கட்டு. மனோர் பார்க்குக்குத் தங்கச்சி வீட்டை போவம்," என்றான் குகநாதன்.

"போற இடத்திலையும் இவள் சாப்பிடாட்டில்? கூப்பிட்டது நான். நான்தான் சொல்லவேணும்."

மறுநாள் மத்தியானம் இலையைப் போட்டாள். "பிள்ளையள், இது என்ரை வீட்டுச் சோறு. இதுக்கு வேலை செய்யத் தேவையில்லை. சாப்பிட்டிட்டு விளையாடுங்கோ. என்ரை பிள்ளையை விடுங்கோ."

சுவர்களுக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருந்த ஒரு இயந்திர இரைச்சல் நின்றது. அது நின்ற பிறகுதான், அமாவாசை நாள் முதல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு உறைத்தது.

ஒரு பிடி சோற்றைக் குழைத்து மகளின் வாயருகே நீட்டினாள். கம்சிகா யோசித்தாள். பிறகு வாயைத் திறந்தாள். இரண்டாவது பிடிக்கு அவளாகவே எட்டி வந்தாள். அந்த விரல்களில் நீலம் வெளுத்திருந்தது.

சிவனேஸ்வரி கண்ணைத் துடைக்குமுன் பிள்ளை வாசலைப் பார்த்துச் சிரித்தது. "சோத்துக்கு வேலை செய்யத் தேவையில்லையெண்டு மற்றப் பிள்ளையள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டினம் அம்மா. சாப்பிட வந்து படி முழுக்க நிக்கினம்."

கதவுக்கு வெளியே வெறுங்கால்கள் உரசின.

குகநாதன் முகம் வெளிறிப்போய் அரிசி மூட்டையைப் பிரித்தான். "ஈஸ்வரி," என்றான், "எத்தினை சுண்டு அரிசி போடுறது?"