பின்குழல்

புது டீச்சர் வந்த அன்று தூறிக்கொண்டிருந்தது. பிப்ரவரி மாதம். எங்கள் மலைமேட்டில் அது மழைக்காலத்தின் நடுப்பகுதி. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத சாம்பல் நிறத்தில் பள்ளிக்கூட முற்றமே மிதந்துகொண்டிருந்தது. புதிதாக வருகிறவர்கள் கொடிமரத்து மேடையில் ஏறித் தங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடினார்கள். கடுமையாக உழைப்பேன், உங்கள் பிள்ளைகள் என் பிள்ளைகள். பிறகு முதல் குளிர் தாங்காமல் பட்டணத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நாங்களும் கைதட்டிவிட்டு ஆடு மேய்க்கக் கிளம்பிவிடுவோம்.

இவள் பெயர் சுல்மா. காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல ஒரு ஒல்லிக்குச்சி.

"எனக்கு மேடையில பேச வராதுங்க. வர்றத செஞ்சு காட்டிடறேன்" என்றாள்.

கரும்பலகையை வாசலுக்குத் தூக்கிவந்து, சாக்பீஸைப் பலகையிலிருந்து எடுக்காமல் ஒரே கோட்டில் ஏரிக்கோழி ஒன்றை வரைந்தாள். அது திரும்பிப் பார்ப்பது போலவே இருந்தது. அப்புறம் கைகளை ஊன்றித் தலைகீழாக முற்றத்தைச் சுற்றி வந்தாள். நல்லவேளை, கால்சட்டை போட்டிருந்தாள். பிள்ளைகள் கத்திய கத்தலில் கோழிகள் கூரையேறின. என் மகள் நைதா திறந்த வாயை மூடவே இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம், மகராசி. தோளில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து நாணல் குழல்களை எடுத்தாள்.

எங்கள் குழல் இரண்டு வரிசையாக இருக்கும். முன்குழலில் ஆறு நாணல், பின்குழலில் ஏழு. ஒரு பாட்டின் சுரங்களில் பாதி இதில், பாதி அதில். முன்குழல்காரன் ஊதி நிறுத்துவான், அந்த இடைவெளியில் பின்குழல்காரன் பதில் சொல்வான். இரண்டு பேர் இல்லாமல் பாட்டு கிடையாது. இவளோ இரண்டு வரிசையையும் ஒன்றாகக் கட்டி, தானே கேட்டுத் தானே பதில் சொன்னாள். மூச்சு வாங்க வாங்க, கண்ணை மூடிக்கொண்டு. தூறல் அந்தச் சத்தத்தைப் பூசிக்கொண்டு இறங்கியது. ஏரி எழுந்து முற்றத்துக்குள் வந்து நின்றது போல எனக்கு ஒரு மயக்கம். முழங்கால் சில்லிட்டது. ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்தது! எவ்வளவு தப்பாகவும் இருந்தது!

பின்னே? அந்தக் குழல் வறண்ட காலத்தின் குரல். அறுவடை முடிந்து, உருளைக்கிழங்கு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அதை வாயில் வைக்க வேண்டும். அது உறைபனியைக் கூப்பிடும். மழைக்கென்று மரக்குழல் தனியாக இருக்கிறது. செடி பூத்து நிற்கும்போது நாணலை ஊதுவது, சமைக்கிற அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். அதுவும் ஒரு பெண்! அதுவும் தனியாக! ஊர்த்தலைவர் தோன் இலாரியோன் தொப்பியைக் கழற்றி உதறி மறுபடி வைத்துக்கொண்டு, அவளை முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர் தங்கியது என் வீட்டில். எங்கள் வீட்டில் ஒரு அறை சும்மா கிடந்தது. என் புருஷன் ஃபெர்மின் சாவோ பாவ்லோவில் தையல் பட்டறையில் இருக்கிறான். ஊரில் பாதி ஆண்கள் அங்கேதான். அன்று சமையற்கட்டில் உட்கார்ந்து கிழங்கு உரிக்கத் தெரியாமல் பாதிக் கிழங்கைத் தோலோடு தள்ளிக்கொண்டிருந்தவள், அடுப்புக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த பின்குழலைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, இதோட ஜோடி எங்க?"

"இலாரியோன் அண்ணன்கிட்ட. காலைல உன்ன முறைச்சிட்டுப் போனாரே, அவரேதான்."

"நீங்க நம்ப மாட்டீங்க. நான் ஜோடியா வாசிச்சதே இல்லக்கா. பட்டணத்து இசைப்பள்ளியில ஆளுக்கு ரெண்டு வரிசையும் குடுத்துடுவாங்க. அப்புறம் ஓட்டல்ல வாசிச்சேன். வெள்ளைக்காரங்க சாப்பிடுவாங்க, நான் ஊதுவேன். பன்னெண்டு மாசமும். மழையாவது, வெயிலாவது." கத்தியைக் கீழே வைத்தாள். "ஒரே ஒரு தடவ, நான் நிறுத்துன இடத்துல இன்னொருத்தர் பதில் சொல்லிக் கேக்கணும். அந்த ஆசையிலதான் இந்த ஊரைக் கேட்டு வாங்கினேன்."

அவள் கை சுவர்ப்பக்கம் நீண்டது.

"கைய எடு" என்றேன்.

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். மற்ற வீடுகளில் புருஷன் படம் மாட்டியிருப்பார்கள், என் வீட்டில் அந்தக் குழல். கிளம்பும்போது அவன் சொன்னான்: "இத யாரும் தொடக்கூடாது செவேரா. நான் வந்து எடுத்துக்கிறேன்." ஆக, அது சுவரில் இருக்கிறவரை அவன் வருவான். இந்த வருஷமும் கார்னிவல் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். வரவில்லை. அடுப்புப் புகையில் குழல் கறுத்துக்கொண்டே போனது. நானும் துடைக்கவில்லை.

மறுநாள் முதல் மழை நின்றது. நான் கதை விடவில்லை, நின்றேபோனது. வெள்ளை மேகங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் கூடி நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. செடிகள் காதைத் தொங்கப் போட்டன. ஒரு விடியலில் என் வயலின் மேல்பாத்தி உறைபனியில் கருகியிருந்தது. வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவளை உலுக்கி எழுப்பி, "பாத்தியா, உன் கச்சேரி!" என்று கத்தினேன். அவள் வயலில் வந்து கருகிய இலையைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டதும் பொடிந்தது. அழுதாள். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். கொக்கா இலைப் பை சுற்றி வந்தது. எல்லோரும் ஒரு வாய் மென்று முடித்த பிறகு தோன் இலாரியோன் பேசினார்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியாம நடந்ததுதான். ஆனா பயிருக்கு அது தெரியாதே. குழல செவேராகிட்ட குடுத்துடுங்க. பெட்டியில வெச்சுப் பூட்டட்டும். கிழங்கு தோண்டி முடிச்சப்புறம் வாங்கிக்கலாம். அதுக்குள்ள மழை வரலன்னா, வேற ஊர் பாத்துக்குங்க."

"சரிங்கண்ணே."

"இன்னொண்ணு கேக்கணும்." அவர் குரல் மாறியது. "ரெண்டையும் நீங்களே ஊதிட்டா, அப்புறம் பக்கத்துல நிக்கிறவன் எதுக்கு?"

ஃபெர்மின் போனதிலிருந்து அவர் முன்குழலைத் தொடவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். விழாக்களில் மத்தளத்தைத் தட்டிக்கொண்டு கடைசியில் நடப்பார். பதில் வராத இடத்தில் கேட்டு என்ன பிரயோஜனம்?

குழல் பெட்டிக்குள் போனது. டீச்சர் வேறு வழியில் ஆரம்பித்தாள். பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தினாள், முன்வரிசை, பின்வரிசை. வாசிப்புப் பாடத்தில் முன்வரிசை பாதிச் சொல்லைச் சொல்லும், பின்வரிசை மீதியைச் சொல்லும். வாய்ப்பாடும் அப்படியே. ஒருவன் தப்பினால் பாட்டே அறுந்துவிடும் என்பதால் ஒவ்வொருவனும் பக்கத்துப் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். வயலில் குனிந்து நிற்கும்போது பள்ளிக்கூடப் பக்கமிருந்து அது காற்றில் வரும். இங்கே ஒரு அலை, அங்கே ஒரு அலை. நாணலில்லாத நாணல் சத்தம். யாரால் குறை சொல்ல முடியும்? பெருக்கல் வாய்ப்பாடு உறைபனியைக் கூப்பிடும் என்று எந்தக் காலத்திலும் எவரும் சொன்னதில்லை.

இந்த வியாதி ஊரெல்லாம் பரவியது. கிணற்றடியில், ஆட்டுப் பட்டியில், பிள்ளைகள் பாதி பேசிவிட்டு நிற்கும். என் நைதா சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, "அம்மா, உரு..." என்று நிறுத்துவாள்.

"என்னடி?"

"நீ சொல்லணும்மா. உரு..."

"...ளைக்கிழங்கு. போதுமா? தின்னு, சனியனே."

சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். ஃபெர்மின் போனபின் அந்தச் சமையற்கட்டில் நான் பேசினால் பேச்சு சுவரில் பட்டு விழும். இப்போது ஒருத்தி பாதியை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். சில நாள் டீச்சரும் சேர்ந்துகொள்வாள். மூன்று பேருமாக ஒரு சொல்லைத் தூக்கிப் போட்டு விளையாடுவோம். வெளியே மழையில்லாத வானம் கண்ணாடி மாதிரி நிற்கும். சந்தோஷமாக இருக்கிறேனே என்று பயமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கூடி டீச்சரை அனுப்பிவிடுவது என்று பேச்சு வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏரிக்கு அப்பால் நின்ற மேகங்கள் எழுந்து நடந்து வந்தன. கூரைத் தகரம் அதிர அதிர ஊற்றியது. குழலைப் பூட்டி வைத்ததால்தான் வந்தது என்றார் தோன் இலாரியோன். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பிள்ளைகள், தாங்கள் ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் முடித்ததால் வந்தது என்றன. டீச்சரோ மழையில் நனைந்துகொண்டு முற்றத்தில் தலைகீழாக நடந்தாள், லூசு.

மே மாதம் கிழங்கு வீடு வந்தது. மேல்பாத்தி போனாலும் மற்றது மோசமில்லை. வானம் கழுவிவைத்த நீலமானது. பெட்டியைத் திறந்து டீச்சரிடம் அவள் குழலைக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் தோன் இலாரியோன் எங்கள் வாசலில் வந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது. அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

"விழாவுக்கு ஆள் பத்தல செவேரா. ஜோடி ஜோடியா ஓட்டை விழுந்திருக்கு."

"அதுக்கு?"

"டீச்சரு ஊதட்டும்னு பேசிக்கிட்டோம். பொம்பளன்னு ரெண்டு பேரு முனகுனாங்க. ஆம்பளைங்க எல்லாம் பிரேசில்ல மெஷின் மிதிக்கிறானுங்க, இங்க முனக என்னடா இருக்குன்னு கேட்டேன்." தொப்பியைத் திருப்பிப் பார்த்தார். "அவங்க குழல் பட்டணத்துச் சுருதி. நம்மளோட சேராது. என் முன்குழலும் ஃபெர்மின் பின்குழலும் ஒரே கட்டு நாணல்ல அறுத்தது. அது..."

அவரும் பாதியில் நிறுத்தினார். பின்னால் நின்ற டீச்சரின் முகத்தை நான் பார்த்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்காக இந்த ஊருக்கு வந்தாளோ அது என் சுவரில் தொங்கியது.

"அவனக் கேக்காம குடுக்க மாட்டேன்" என்றேன்.

"கேளு."

மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறினேன். மாட்டேன் என்று அவன் சொல்லிவிட வேண்டும், திட்ட வேண்டும், "என் குழல எவ தொடுறது?" என்று கத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஏறினேன். எடுத்தான். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"குடேன், அதனால என்ன" என்றான்.

மெஷின் நிற்கவே இல்லை. ஒரு தையல் தூரம் யோசித்திருந்தால்கூடப் போதும் எனக்கு. "சரி, போன வெச்சிரு, வேலை கெடக்கு" என்றான். ஏரி பளபளவென்று கீழே கிடந்தது. அதன் அழகைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது. இறங்கி வந்து, வாசலிலேயே காத்திருந்த இரண்டு பேரிடமும், "குடுக்க முடியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

தோன் இலாரியோன் இருமிக்கொண்டே போவது கேட்டது. டீச்சர் கொல்லைப்பக்கமாக வந்து தன் அறைக்குள் போனாள். நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து காய்ந்த எருவை உள்ளே தள்ளினேன். நைதா பக்கத்தில் வந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள்.

"அம்மா."

"ம்."

"அப்பா எப்ப..." என்று நிறுத்தினாள்.

விளையாட்டுக்குத்தான் நிறுத்தினாள், குழந்தை. மீதி என்னவென்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே ஒரு சொல். வாயைத் திறந்தேன், வரவில்லை. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், வகுப்பில் பழகியபடி. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது எனக்கு. அவள் எழுந்து, தன் பாவாடை நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் ஆட்டுக்குட்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் பெஞ்சின் மேல் ஏறிக் குழலைக் கழற்றினேன். உள்ளே சிலந்திக் கூடு. ஒவ்வொரு நாணலுக்குள்ளும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினேன், கறுப்பாக வந்தது. வெளிச்சுவர் மேல் வெயிலில் வைத்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்த டீச்சர் அதைப் பார்த்துக் கல்லாகிவிட்டாள்.

"எடுத்துட்டுப் போ" என்றேன். "கீழ போட்டுத் தொலைக்காத."

"அக்கா..."

"போன்னா போ."

கட்டிப்பிடித்தாள். எலும்புதான் குத்தியது.

விழா ஒத்திகை அன்று மத்தியானமே முற்றத்தில் ஆரம்பித்தது. நான் போகவில்லை. கிழங்கைப் பிரிக்கும் வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். கதவைத் திறந்துவைத்துச் சமையற்கட்டில் உட்கார்ந்தேன். குழல் இருந்த இடத்தில், கரிப்பிடித்த சுவரில், அது மட்டும் வெளுத்துத் தெரிந்தது. பெரியதிலிருந்து சிறியதாக இறங்கும் ஏழு கோடுகள். புத்தம்புது மண்சுவர் போல இருந்தது அந்த இடம்.

வெளியே தோன் இலாரியோனின் முன்குழல் ஒரு முறை ஒலித்தது. இவ்வளவு நாள் கழித்து, கொஞ்சம் நடுங்கி, ஏரிவரை போய் நின்றது.

கையில் இருந்த கிழங்கோடு அந்த வெளுத்த கோடுகளையே பார்த்தபடி இருந்தேன். எனக்கும் மூச்சு நின்றிருந்தது. பிறகு பதில் வந்தது.