கமலாட்சிக்கு ஒரு இங்கிலீஷ் காப்பி

வெள்ளைக்காரன் போய் முப்பது வருஷம் கழித்து, 1977இல், எங்கள் முன்சீப் கோர்ட்டில் தீர்ப்பைத் தமிழில் எழுத ஆரம்பித்தார்கள். வாதமும் தமிழில்தான் என்றார் புது முன்சீப். நான் இங்கிலீஷில் உளறுவது கட்சிக்காரர்களுக்குப் புரியாது. என் தொழிலே அந்த அஸ்திவாரத்தில்தான் நின்றது.

அந்த நேரம் பார்த்து கமலாட்சி வழக்கு வாதத்துக்கு வந்தது. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவள். புருஷன் ராஜவேலு செத்ததும், அவன் தம்பி தர்மன், அந்த வீடு தனக்கே என்று வழக்குப் போட்டிருந்தான். ராஜவேலுவின் முதல் தாரம் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய், அங்கேயே சில வருஷம் கழித்துச் செத்தாள். அவள் உயிரோடு இருக்கையிலேயே கமலாட்சிக்குத் தாலி கட்டியிருந்தான். கோயிலில், ஊரறியத்தான் கட்டினான். ஆனால் சுதந்திர தேசத்துச் சட்டத்தில் அது கல்யாணமே இல்லை.

எனக்கு மிஞ்சியது ஒரே வழி. போன வருஷம் வந்த திருத்தப்படி, செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கும் அப்பன் சொத்தில் உரிமை உண்டு. கமலாட்சியின் மகனுக்கு வீடு வேண்டுமென்றால், தாய் மனைவி இல்லை என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிலீஷ் என்றால் இருமலோடு இருமலாகச் சொல்லியிருப்பேன்.

வாதத்தன்று அவளை சோடா வாங்க அனுப்பினேன். கடை கோர்ட் வாசலிலேயே இருந்ததை மறந்துவிட்ட மேதை நான். அவள் திரும்பி வந்தபோது, ‘விவாக பந்தமானது...’ என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார்.

“நேரா சொல்லுங்க சார். அந்தம்மா சம்சாரமா, இல்லையா?”

“சட்டப்படி இல்லைங்க.”

கமலாட்சி சோடாவை என் முன்னால் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ஜெயித்தோம். தீர்ப்பு நகலை அவள் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்க தெருவுல எல்லாரும் தமிழ் படிச்சிடுவாங்கய்யா. வூட்டுக்கு வந்து தீர்ப்பைக் காட்டுன்னு கேட்டுக்கினே இருப்பாங்க. இங்கிலீஷ்ல ஒரு காப்பி கெடைக்காதா?”

மக்கள் மொழியில் நீதி என்று அந்த வாரம்தான் வக்கீல் சங்கத்தில் பேசிக் கைதட்டு வாங்கியிருந்தேன்.

தமிழ் நகலை நகராட்சிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்து, வீட்டைப் பையன் பேருக்கு மாற்றினேன். அவளுக்கென்று இங்கிலீஷில் ஒன்று டைப் அடித்தேன். முத்திரை இல்லாத காகிதம். எந்தக் கோர்ட்டிலும் செல்லாது. அந்தத் தைரியத்தில் ஒரு வார்த்தையை மாற்றினேன்.

“இதுல சம்சாரம்னுதான் போட்டிருக்கேன்மா.”

“எங்க இருக்குது, காட்டுங்க.”

காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்தவள், எடுக்கவில்லை.